பிளேட் எடுத்தாயிற்று, ஓட விடலாமா?

செல்லப்பிராணி நலம்: வாசகர் கேள்வி பதில்

சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: சின்ன நாய், உடைந்த முன்னங்கால், எலும்பைப் பிடிக்க உள்ளே திருகி வைத்த உலோகத் தகடு (பிளேட்), அதை எடுத்த பிறகு எலும்பு தாங்குமா என்ற பயம். ஆகவே இந்த இதழை அதற்கே ஒதுக்கிவிட்டோம். உண்ணி, பூச்சி மருந்து பற்றி எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: எங்கள் பொமரேனியனுக்கு இரண்டு வயது, எடை 3 கிலோ. மோட்டார் கூடையிலிருந்து குதித்ததில் வலது முன்னங்கால் உடைந்து, ஈப்போவில் பிளேட் வைத்தார்கள். எட்டு மாதமாகிறது, நன்றாக நடக்கிறது. இப்போது எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "எலும்பு ஒட்டிவிட்டது, ஆனால் பிளேட்டுக்கு அடியில் மெலிந்துபோயிருக்கிறது, எடுத்துவிடலாம்" என்கிறார். ஒட்டிய எலும்பு எப்படி மெலியும்? எடுத்தால் மறுபடி உடையாதா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்குத் தக்கபடி தன்னைத் தடித்துக்கொள்ளும், பாரம் குறைந்தால் இருப்பதையும் கரைத்துவிடும். யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1892இல் எழுதிவைத்த விதி இது. பிளேட் செய்யும் எஃகு, எலும்பின் கெட்டியான வெளிச்சுவரைவிடச் சுமார் பத்து மடங்கு விறைப்பானது. டைட்டானியம் ஏறத்தாழ அதில் பாதி. விறைப்பான பொருள் பக்கத்தில் இருந்தால் நடக்கும்போது வரும் பாரத்தில் பெரும்பங்கு அதன் வழியாகவே இறங்கிவிடும். முறிவு ஒட்டும்வரை இது வரம். ஒட்டிய பிறகு, வேலையில்லாத எலும்பு சுவர் மெலிந்து, உள்ளே நுண்துளை விட ஆரம்பிக்கும்.

இதோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. எலும்போடு அழுந்திக் கிடக்கும் பிளேட், அடியிலுள்ள மெல்லிய சவ்வின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. பொமரேனியன், சிவாவா, டாய் பூடில், மினியேச்சர் பின்ஷர் போன்ற சின்ன இனங்களுக்கு முன்னங்கையின் கீழ்ப்பகுதியில் ஏற்கெனவே தசையும் இல்லை, இரத்தக் குழாய்களும் சொற்பம். குதித்தால் உடைவதும் பெரும்பாலும் அங்கேதான். பெரிய நாய்க்கு ஆறு மாதம் பிளேட் இருந்தாலும் தெரியாத மெலிவு, மூன்று கிலோ நாய்க்குச் சீக்கிரம் தெரிந்துவிடுவது இதனால்தான். எக்ஸ்ரேயில், முன்னங்கையின் முக்கிய எலும்பான ரேடியஸுக்குப் பின்னால் ஓடும் அல்னா என்ற சின்ன எலும்பையும் பாருங்கள். அது நூலாகத் தேய்ந்தோ பாதியில் மறைந்தோ போயிருந்தால், அந்தக் கை வெகுநாளாகப் பாரம் சுமக்கவில்லை என்று பொருள்.

எடுத்தால் உடையாதா என்றால், உடையலாம். எடுத்த முதல் எட்டு வாரத்தில்தான் அந்தக் கால் மிகப் பலவீனமாக இருக்கும். மெலிந்த எலும்பு, திருகு இருந்த ஓட்டைகள், பழைய முறிவுக் கோடு ஆகிய மூன்றும் துணையில்லாமல் ஒரே நேரத்தில் பாரத்துக்கு ஆளாகின்றன. ஆனால் எடுக்காமல் விட்டாலும் மெலிவு நிற்கப்போவதில்லை. பிளேட் முடிகிற இடத்தில், கடைசித் திருகுக்கு நேராக, விறைப்பும் மெலிவும் சந்திக்கும் இடத்தில் எலும்பு உடைந்து வரும் நாய்களும் உண்டு. மெலிவு எக்ஸ்ரேயிலேயே தெரிகிற உங்கள் நாய்க்கு எடுப்பதுதான் சரி. மெலிவு இல்லை, திருகு ஆடவில்லை, சீழ் இல்லை, நாய் நொண்டவும் இல்லை என்றால் "எட்டு மாதம் ஆகிவிட்டதே" என்பதற்காக மட்டும் எடுக்கச் சொல்ல மாட்டோம். மயக்க மருந்தும் இரண்டாவது அறுவையும் விளையாட்டல்ல.

எடுக்கும் காலத்துக்குப் பாடநூல்கள் சொல்லும் பொதுவான அளவு, முறிவின்போது இருந்த வயதைப் பொறுத்தது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு 4 வாரம், 3 முதல் 6 மாதக் குட்டிக்கு 2–3 மாதம், 6 முதல் 12 மாதம் என்றால் 3–5 மாதம், ஒரு வயது தாண்டியிருந்தால் 5 முதல் 14 மாதம். வளரும் குட்டிகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் சில விஷயம் கேளுங்கள். இரண்டு முன்னங்கால்களையும் ஒரே படத்தில், முன்பக்கமும் பக்கவாட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். டிஜிட்டல் எக்ஸ்ரே இயந்திரம் ஒவ்வொரு படத்தின் வெளிச்சத்தையும் தானாகவே சரிசெய்துவிடும். ஆகவே "போன படத்தைவிட இது வெள்ளையாக இருக்கிறது, பலம் வந்துவிட்டது" என்று வெவ்வேறு நாள் படங்களை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே படத்தில் நல்ல காலின் சுவர்த் தடிப்போடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். சாதாரண எக்ஸ்ரேயில் மெலிவு கண்ணுக்குப் படுவதற்கே எலும்பின் தாதுவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போயிருக்க வேண்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அடுத்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுப்பாரா, கட்டங்கட்டமாகவா என்று கேளுங்கள். மெலிவு அதிகமென்றால் முதலில் சில திருகுகளை மட்டும் எடுத்து, பிளேட்டைச் சற்று வளைந்துகொடுக்க விட்டு, நாலைந்து வாரம் எலும்புக்குக் கொஞ்சம் பாரத்தைப் பழக்கிவிட்டு, மீதியைப் பிறகு எடுப்பார்கள். இரண்டு முறை மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனாலும் பென்சில் கனத்துக்கும் குறைந்த எலும்பில் இதுதான் நிதானமான வழி. உள்ளூரில் இதற்கு வசதியில்லை என்றால் செர்டாங்கில் மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனைக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம்தான், ஆனால் ஒரு தடவை சரியாகப் பார்த்துவிட்டு வரலாம்.

கேள்வி: ஆறு திருகு எடுத்தார்கள், ஆறு ஓட்டை எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிகிறது. இது எப்போது அடைபடும்? சிமெண்டு மாதிரி எதையாவது வைத்து அடைக்க முடியாதா?
– செம்பனைத் தோட்ட வாசகர்

பதில்: தக்காளிச் சாஸ் பொட்டலத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்குமே, அங்கிருந்துதானே பிய்க்கிறோம். திருகு ஓட்டையும் எலும்புக்கு அப்படித்தான். காலில் விழும் விசை முழுவதும் அந்த விளிம்பில் குவிகிறது. நேராக ஊன்றும்போது அதிகம் தெரியாது. ஓடும் நாய் சட்டென்று திரும்பும்போது எலும்பு முறுக்கிக்கொள்கிறதே, அதைத்தான் ஓட்டையுள்ள எலும்பு தாங்குவதில்லை.

ஓட்டையின் அகலம் இங்கே முக்கியம். எலும்பின் அகலத்தில் 40 விழுக்காட்டைத் தாண்டிய திருகு போடக் கூடாது என்பது அறுவை மருத்துவர்களின் வழக்கம். 5 மில்லிமீட்டர் அகல எலும்பில் 2.0 மி.மீ. திருகு என்றால் அதுவே எல்லை, 1.5 மி.மீ. என்றால் 30 விழுக்காடு, கொஞ்சம் நிம்மதி. உங்கள் நாய்க்கு எது போட்டார்கள் என்று பழைய அறுவைக் குறிப்பில் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தத் திருகாவது எடுக்கும்போது முறிந்து உள்ளே தங்கியிருந்தால் அதையும் கேளுங்கள். சுற்றித் தோண்டி எடுத்தால் ஓட்டை இன்னும் பெரிதாகும் என்பதால் பல சமயம் விட்டுவிடுவார்கள். அது பிழையல்ல.

1972இல் வெளியான முயல் தொடை எலும்பு ஆய்வு ஒன்று இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. துளையிட்டுத் திருகு வைத்த உடனே, உடைவதற்கு முன் எலும்பு உள்வாங்கக்கூடிய ஆற்றல் சுமார் 70 விழுக்காடு குறைந்தது. திருகு உள்ளே இருக்கும்போதே எட்டு வாரத்தில் பலம் திரும்பியது. திருகை எடுத்ததும் மறுபடி விழுந்து, மறுபடி எட்டு வாரத்தில் எழுந்தது. முயல் வேறு, இரத்த ஓட்டம் குறைந்த பொமரேனியன் கை வேறு. ஆகவே எட்டு வாரத்தைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டைக்குள் முதலில் நிரம்புவது ஒழுங்கில்லாத புது எலும்பு. அது வெளிச்சுவராக முறைப்படுவதற்கு மாதக்கணக்காகும். எக்ஸ்ரேயில் வட்டம் மங்கலாக வெகுநாள் தெரிந்துகொண்டிருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சிமெண்டு வேண்டாம். அதே நாயின் தோள்பக்க எலும்புக்குள் இருக்கும் பஞ்சு எலும்பைச் சுரண்டி எடுத்து ஓட்டைகளிலும் மெலிந்த இடத்திலும் வைப்பது உண்டு. பிளேட் எடுக்கும் அன்றே செய்ய வேண்டிய வேலை அது. எடுத்து முடித்த பிறகு அதற்காகத் திரும்பத் திறப்பது தேவையில்லை.

நடைக்கு நாங்கள் சொல்லும் கணக்கு இது. முதல் இரண்டு வாரம் கூண்டு. மலஜலத்துக்குத் தூக்கிக்கொண்டுபோய் கயிற்றோடு இறக்கி, தூக்கிக்கொண்டே திரும்ப வேண்டும். தையல் 10 முதல் 14 நாளில் பிரியும். மூன்றாம் நான்காம் வாரம் சமதரையில், கயிற்றில், ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. நாலாம் வார முடிவில் எக்ஸ்ரே. அது நன்றாக இருந்தால் ஐந்து முதல் எட்டு வாரம்வரை 10 நிமிடம், பிறகு 15. எட்டாம் வாரம் இன்னொரு எக்ஸ்ரே. அதன் பிறகுதான் மெல்லோட்டம். சோபாவிலிருந்து குதிப்பதும் மற்ற நாயோடு கட்டிப் புரள்வதும் மூன்று மாதம் முடியும்வரை கிடையாது. நடையை மொத்தமாக நிறுத்திவிடுவதும் தப்பு. பாரம் இல்லாமல் எலும்பு தடிக்காது, இந்த வைத்தியத்தின் மருந்தே அந்த ஐந்து நிமிட நடைதான். அதனால்தான் இரண்டு மாதம் தூக்கிக்கொண்டே திரிந்தவர்களின் நாய்க்கும் எக்ஸ்ரே முன்னேறாமல் நிற்கிறது.

கேள்வி: லயத்து வீடு, இரண்டே அறை. பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். கூண்டில் போட்டால் விடிய விடியக் கத்துகிறது, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். என்ன செய்ய?
– தோட்டத்து அம்மா ஒருவர்

பதில்: மூன்று கிலோ நாய்க்கு 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், தலை இடிக்காத உயரம் போதும். பெரிய கூண்டு வாங்கினால் உள்ளேயே குதிக்கும். மேல்மூடி கட்டாயம் வேண்டும். மூடியில்லாத வேலிக்குள் பின்னங்காலில் நின்று ஏறிப் பார்க்கும்; தவறி விழுந்தால் பாரம் முழுவதும் முன்னங்காலில்தான். அடியில் ரப்பர் விரிப்போ பழைய யோகா பாயோ போட்டு அதன்மேல் துணி. வழுக்கும் ஓடு பதித்த தரையில் கயிறு இருந்தாலும் நடக்க விடாதீர்கள். வாசல் வரைக்கும் ஒரு பாய்த் துண்டு விரித்துவிடுங்கள்.

கத்துவது பெரும்பாலும் தனியாக விடப்பட்டதால்தான். இரவில் கூண்டை உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்து, மூன்று பக்கம் துணியால் மூடுங்கள். பகலில் சோற்றுத் தட்டைக் கூண்டுக்குள்ளேயே வையுங்கள், அதன் உணவில் ஒரு பங்கைக் கையால் கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுங்கள். அறுவைக்கு ஒரு வாரம் முன்பே பழக்கியிருந்தால் பாதித் தொல்லை இருக்காது. இன்னும் பிளேட் எடுக்காத வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். அப்படியும் அடங்காவிட்டால் டாக்டரிடம் அமைதிப்படுத்தும் மாத்திரை கேளுங்கள். கேட்கக் கூச்சம் வேண்டாம், கூண்டுக்குள் முட்டி மோதும் நாய்க்கு அது தேவைதான்.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விதி சொல்லுங்கள்: நாயைத் தூக்கக் கூடாது. கையிலிருந்து நழுவி விழுவது இந்த இனங்களின் கால் உடைய முக்கியமான காரணம்.

கேள்வி: எலும்பு பலத்துக்குப் பிரண்டைத் துவையல், மனிதர் சாப்பிடும் கால்சியம் மாத்திரை, காலை வெயில் மூன்றையும் அத்தை சொல்கிறார். கொடுக்கலாமா? இப்போது சோறும் வேகவைத்த கோழியும்தான் கொடுக்கிறோம்.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அத்தையின் கவலை சரி, மருந்துதான் மாற வேண்டும். சிக்கல் அந்தச் சோறும் கோழியும். எலும்பில்லாத 100 கிராம் கோழியில் கால்சியம் சுமார் 12 மில்லிகிராம், பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம். சோற்றிலும் கால்சியம் இல்லையென்றே சொல்லலாம். உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ, இரண்டு மடங்குக்குள் இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். பிளேட்டுக்கு அடியில் மெலிந்த கை முதலில் அடிபடும்.

எளிய வழி, "முழுமையான, சமச்சீரான உணவு" என்று பையில் அச்சிட்ட நாய் உணவுக்கு மாற்றுவது. அப்படி மாற்றினால் மேற்கொண்டு கால்சியம் எதுவும் கொடுக்காதீர்கள், முக்கியமாகக் குட்டிக்கு. கூடுதல் கால்சியமும் வளரும் எலும்பைக் கெடுக்கும். வீட்டுச் சாப்பாடுதான் என்றால் மூன்று கிலோ நாய்க்கு நாளுக்குச் சுமார் 300 மில்லிகிராம் கால்சியம் தேவை. கொதிநீரில் போட்டுக் காயவைத்து மாவாக அரைத்த முட்டை ஓட்டில் கால் தேக்கரண்டிக்கும் குறைவு, ஆறில் ஒரு பங்கு தேக்கரண்டி, அதற்குப் போதும். கால்சியம் மட்டும் சரியானால் உணவு முழுமையாகிவிடாது, மற்றச் சத்துக்களுக்கு டாக்டர் ஒரு தூள் எழுதித் தருவார். மனிதர் மாத்திரைகளில் பல வைட்டமின் டி கலந்தவை. சின்ன நாய்க்கு அது சீக்கிரம் நஞ்சாகும்.

வெயிலில் கட்டிப் பயனில்லை. மனிதரைப்போல் நாயின் தோல் வெயிலிலிருந்து வைட்டமின் டி போதுமான அளவு செய்வதில்லை, அது உணவிலிருந்துதான் வர வேண்டும். பிரண்டையை நம்பி நடைக் கணக்கைக் குறைக்காதீர்கள். பச்சைப் பிரண்டை வாயை அரிக்கும், துவையலில் இருக்கும் பூண்டும் வெங்காயமும் நாய்க்கு ஆகாது. தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் எலும்பு டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது எலும்பையும் மெலியவைக்கும், ஆறுவதையும் தாமதப்படுத்தும்.

கேள்வி: பிளேட் எடுத்து, கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மழையில் நனைந்துவிட்டது. மின்விசிறியில் காயவைத்தால் போதுமா?
– வாசகர், பட்டணத்துக் கடைவீதி

பதில்: போதாது. அன்றைக்கே மாற்ற வேண்டும். வெளியே காய்ந்தாலும் உள்ளே பஞ்சு ஈரமாகவே இருக்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு நாளில் தோல் வெந்துவிடும். மணிக்கட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பாதத் திண்டுதான் முதலில் புண்ணாகும் இடம். வெளியே போகும்போது மட்டும் பிளாஸ்டிக் பை கட்டி, வந்ததும் அவிழ்த்துவிடுங்கள். நடுவிரல்கள் இரண்டின் நகங்கள் தினமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவை விலகி விரிந்தாலோ, சில்லிட்டிருந்தாலோ, கட்டு நாறினாலோ நாளைக்கு என்று காத்திருக்காதீர்கள். நனையாவிட்டாலும் வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் கட்டு நீடித்தால் பிளேட் செய்த அதே தப்பை இதுவும் செய்யும்.

கேள்வி: சுங்கை சிப்புட்டிலிருந்து ரிங்லெட்டுக்கு மாறி வந்துவிட்டோம். பிளேட் இன்னும் உள்ளே இருக்கிறது. விடியற்காலைக் குளிரில் நொண்டுகிறது, மதியம் சரியாகிவிடுகிறது. முழங்கால் சிரட்டை விலகியதற்கு வைத்த கம்பியும் பின்னங்காலில் உண்டு. அதையும் எடுக்க வேண்டுமா?
– கேமரன் மலை வாசகர்

பதில்: தோலுக்கு அடியிலேயே உலோகம் இருக்கும் மெல்லிய காலில் குளிரால் நொண்டுவது நடக்கக்கூடியதுதான். ஆனால் "குளிர்தான்" என்று முடிவு கட்டும் முன் எக்ஸ்ரே எடுத்து, திருகு தளரவில்லை, சீழ் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். தளர்ந்த திருகும் தூங்கி எழுந்ததும் நொண்டவைக்கும். காலுறைபோல் தைத்த கம்பளித் துணி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதில் சரியானால் எடுப்பதற்கு அவசரமில்லை.

முழங்கால் கம்பி நகர்ந்து தோலைக் குத்தாதவரை எடுக்க வேண்டியதில்லை. பிளேட்டைப்போல் அது எலும்பின் பாரத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்வதில்லை, அதன் ஓட்டையும் சின்னது.

கேள்வி: மறுபடி உடைந்துவிட்டால் எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன செய்வது? நாட்டு வைத்தியர் போடும் புத்தூர்க் கட்டுப் போடலாமா?
– தோட்டத்து வாசகர்

பதில்: ஒரே ஒரு அலறல், பிறகு காலைத் தரையில் வைக்கவே மறுப்பது. மூட்டு இல்லாத இடத்தில் கால் வளைந்திருப்பது, தொட்டால் வீக்கமும் சூடும். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடைந்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அலறல் இல்லாமல் நாளுக்கு நாள் நொண்டல் கூடினால் அது விரிசலாக இருக்கலாம், அதற்கும் எக்ஸ்ரே தேவை.

காலை இழுத்து நேராக்காதீர்கள். துணி கூடையில் கனமான துண்டை விரித்து, நாயை உடைந்த கால் மேல்பக்கம் இருக்கும்படி படுக்கவைத்து, கூடையோடு தூக்குங்கள். பயணம் நீளமென்றால், நாய் அனுமதித்தால் மட்டும், மடித்த அட்டையை விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு மேல்வரை வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றலாம். முறிந்த இடத்தை மட்டும் இறுக்கிக் கட்டினால் மேலும் கீழும் ஆடி முனை தோலைக் கிழித்துவிடும். புத்தூர்க் கட்டு இந்த நாய்களுக்கு வேண்டாம். சின்ன இனத்தின் முன்னங்கை வெறும் கட்டில் ஒட்டாமல் போவது மிக அதிகம், முதல் தடவையே பிளேட் வைக்கச் சொன்னதும் அதற்காகத்தான்.

பனடோல், இபுப்ரோஃபென் எதுவும் கொடுக்காதீர்கள். பின்னது நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் வளர்ந்த நாய்க்கு உணவை நிறுத்தலாம். மூன்று நான்கு மாதக் குட்டியைப் பட்டினி போடாதீர்கள், சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். எத்தனை மணி நேரம் நிறுத்துவது என்று கிளினிக்கில் போன்போட்டுக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் ஈப்போ கிளினிக் இரண்டின் எண்ணை இன்றே கைப்பேசியில் ஏற்றி வையுங்கள். பழைய எக்ஸ்ரே படங்களையும் எடுத்த திருகின் அளவையும் அதே கைப்பேசியில் படமாக வைத்திருந்தால், இம்முறை எந்தக் கனத்தில் பிளேட் வைப்பது, பழைய ஓட்டைகளைத் தவிர்த்து எங்கே துளையிடுவது, அல்லது வெளியிலிருந்து கம்பிச் சட்டம் போடுவதா என்று மருத்துவர் அங்கேயே முடிவெடுத்துவிடுவார்.